ஒற்றைச் சம்பளமும் மறுக்கும் உரிமையும்

கணவன் வேலையிழந்திருக்க மனைவியின் உழைப்பினாற் குடும்பம் நடைபெறுவது நமது புனைகதைக்கோ இந்தியத் திரைப்படத்துக்கோ புதிய பொருளன்று. ஆயினும் இப்பொருளைக் கையாண்ட ஆக்கங்களுட் பெரும்பாலானவை பெண்ணின் தியாகத்தைப் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றன. அல்லது ஆணின் மானத்துக்கு நேர்ந்த இழுக்கினை எண்ணி இரங்குகின்றன. ஒரே சம்பளத்தில் ஒரு வீடு நடக்கும்போது அச்சம்பளத்தைக் கொண்டுவருபவரின் சுதந்திரம் யாதாகின்றது என்ற வினாவை எழுப்பியவை மிகச் சிலவே. அவ்வினாவை மனங்கொண்டு சத்யஜித் ரே 1963 இல் நெறிப்படுத்திய ‘மகாநகர்’ என்னும் வங்காளத் திரைப்படத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதனை அளந்தறிவதற்கு உரைகல்லாகப் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ (1934) என்ற சிறுகதையையும் உடன்வைத்துக் கொள்வோம்.

நரேந்திரநாத் மித்ராவின் ‘அவதரணிகா’ என்ற சிறுகதையைத் தழுவியது ‘மகாநகர்’. கல்கத்தாவில் ஒரு சிறிய வீடு. வங்கியிற் பணிபுரியும் சுப்ரதா, அவன் மனைவி ஆரதி, பிள்ளை, பள்ளி செல்லும் தங்கை, வயது முதிர்ந்த தாய் தந்தையர் என அறுவர் அங்கு வாழ்கின்றனர். கணவனின் சம்பளம் போதாமையால் ஆரதி வேலைக்குப் போகிறாள். பின்னல் இயந்திரங்களை வீடுவீடாகச் சென்று விற்கும் வேலை. இந்தப் பகுதி பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால் இங்கு விரிக்க வேண்டியதில்லை. படத்தைப் ‘பெண் விடுதலைப் படம்’ என்று பாராட்டுவோர் பெரும்பாலும் இப்பகுதியையே ஆதாரமாகக் கொள்கின்றனர். முதற் சம்பளத்தின் புத்தம்புது நோட்டுக்களைக் கையிற் பிடித்தபடி ஆரதி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் காட்சியை அவர்கள் தவறாமற் குறிப்பிடுவர். காட்சி சிறந்ததே. ஆனால் அப்போது அவ்வீட்டில் இரண்டு சம்பளங்கள் இருந்தன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. இரண்டாவது சம்பளம் தரும் மகிழ்ச்சி வேறு. ஒரே சம்பளமாக நின்று வீட்டைச் சுமக்கும் சம்பளத்தின் பாரம் வேறு.

படத்தின் உண்மையான திருப்பம் ஒரு தொலைபேசி அழைப்பில் நிகழ்கின்றது. மனைவி வேலைக்குப் போவதைப் பொறுக்கமாட்டாத சுப்ரதா, அவள் வேலையை விட்டுவிட வேண்டுமென்று வற்புறுத்துகிறான். அவள் இணங்கி, விலகற் கடிதத்துடன் அலுவலகத்துக்கு வருகிறாள். அன்றைக்கே அவனுடைய வங்கி முறிந்துபோகின்றது. தேசப் பிரிவினைக்குப் பின்வந்த ஆண்டுகளில் வங்காளத்திற் பல வங்கிகள் ஆட்டங்கண்டன. நான்கு வங்கிகள் ஒன்றிணைந்து 1950 இல் ‘யுனைற்றெட் பாங்க் ஒவ் இந்தியா’ தோன்றியதும் அச்சூழலிலேதான். ஆகவே கதையில் வரும் வங்கி முறிவு கதையை நகர்த்துவதற்காகப் புனைந்துகொண்ட விபத்தன்று. அக்கால மத்தியதர வர்க்கத்தினர் தம் கண்முன்னே கண்ட ஒன்று. கோபங்கொண்ட வைப்பாளர் கூட்டத்திடம் அகப்பட்டுத் தப்பிய சுப்ரதா மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, வேலையை விட்டுவிட வேண்டாம் என்கிறான்.

இந்த ஒரு வாக்கியத்தில் ரே எவ்வளவு விடயங்களை அடக்கிவிடுகிறார்! காலையில் ‘விடு’ என்றவனும் அவனே. மதியத்தில் ‘விடாதே’ என்பவனும் அவனே. இரண்டு வேளையும் ஆரதியின் விருப்பம் கேட்கப்படவில்லை. இனிமேல், அவனுங்கூடக் கட்டளையிட வேண்டியதில்லை; அரிசியும் வாடகையும் பிள்ளையின் பாலும் அக்கட்டளையை நாள்தோறும் இட்டுக்கொண்டிருக்கும். உழைக்கும் உரிமையைப் பெற்ற அதே கணத்தில், உழைக்காதிருக்கும் உரிமையை அவள் இழந்துவிடுகிறாள்.

இதன் பின்னர் வரும் காட்சிகளில் வறுமை பெரிதாகக் காட்டப்படுவதில்லை. சிலர் இதனை ஒரு குறையாகக் கூறக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ரே காட்டுவது சோற்றின் குறைவையன்று. வீட்டினுள் ஒவ்வொருவரும் நிற்கும் இடம் பெயர்ந்துபோவதை. கணவன் கட்டிலிற் கிடந்து பத்திரிகை பார்க்க, மனைவி புறப்பட்டுப் போகிறாள். தேநீர்க்கடையொன்றில் அறிமுகமான ஒருவரிடம் ஆரதி தன் கணவன் வியாபாரத்தில் ஈடுபட்டிருப்பதாகப் பெருமைபடச் சொல்ல, அங்கேயே மறைவில் அமர்ந்திருக்கும் சுப்ரதா அதனைக் கேட்க நேரிடுகின்றது. சம்பாதிப்பவளுக்குச் சம்பாத்தியத்தோடு இன்னொரு வேலையும் சேர்ந்துவிடுகிறது: சம்பாதிக்காதவனின் மானத்தை ஊரார்முன் காப்பாற்றும் வேலை. அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை.

மாமனார் பாத்திரம் இதனிலும் நுட்பமானது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மருமகளின் உழைப்பில் வந்த பணத்தைத் தொட மறுக்கிறார். ஆனால் தம் பழைய மாணவர்களாகிய வைத்தியர், சட்டத்தரணி முதலியோரின் வாசல்களில் ஏறி இறங்கி உதவி கேட்கிறார். குருதட்சணை என்ற பெயர் இருப்பதால் அது அவருக்குப் பிச்சையாகத் தோன்றவில்லை. மருமகள் தருவதற்கு மரபிற் பெயர் எதுவும் இல்லாமையால் அதுவே அவருக்கு அவமானமாகின்றது. நம் ஊர்களில் இத்தகைய முதியவர்களைக் காணாதவர் யார்? 1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மேற்காசியாவுக்கு வீட்டுவேலைக்குச் சென்று அனுப்பிய பணத்தில் வீடு கட்டியவர்கள், அப்பெண்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டதை நாம் கேட்டிருக்கிறோம்.

முடிவுக்கு வருவோம். ஆரதியின் சக ஊழியையான ஈடித் என்னும் ஆங்கிலோ இந்தியப் பெண்ணை முதலாளி அவளது ஒழுக்கத்தைப் பழித்து வேலையிலிருந்து நீக்குகிறார். ஆரதி அவளுக்காக வாதாடுகிறாள், பயனில்லை. முன்பு கொடுபடாமற் போன விலகற் கடிதத்தை இப்போது தானே கொடுத்துவிடுகிறாள். வீட்டின் ஒரே சம்பளம் அது. சுப்ரதாவுக்கும் வேலை தேடித் தருவதாக அந்த முதலாளியே நம்பிக்கை கொடுத்திருந்த வேளை அது. கணவனும் மனைவியும் மாநகரத்தின் சனக்கூட்டத்துள் நடந்து மறைகின்றனர். இத்தனை பெரிய நகரத்தில் இருவரில் ஒருவருக்கேனும் வேலை கிடைக்காதா என்ற நம்பிக்கையோடு.

இம்முடிவு யதார்த்தமற்றது, நாளை சமைப்பதற்கு என்ன செய்வார்கள் என்ற கேள்வியிலிருந்து நழுவிவிடுகிறது என்று கூறுவதுண்டு. இக்குற்றச்சாட்டினை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ‘பொன்னகரம்’ கதையை அருகில் வைத்தால் அதன் வலிமை தெளிவாகும். ஆலையில் வேலை செய்யும் அம்மாளுவின் கணவன் முருகேசன் குதிரைவண்டி ஓட்டுபவன். விபத்தில் வண்டி உடைகிறது, குதிரை காயப்படுகிறது, அவன் படுக்கையில் விழுகிறான். இரண்டு வருமானம் ஒன்றாகின்றது. அந்த ஒன்றும் கூலி போடும் நாள்வரை கைக்கு வராது. அவன் கேட்கும் பாற்கஞ்சிக்காக அம்மாளு இருட்டில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கதை ஏறத்தாழ இவ்வளவே. புதுமைப்பித்தன் ஒரு கணக்குப்பிள்ளையின் கறாருடன் எழுதுகிறார்: எத்தனை வாய்கள் (குதிரையும் குடும்பத்தில் ஓர் உறுப்பினரே), எவ்வளவு கூலி, எத்தனை நாள், எவ்வளவு பற்றாக்குறை. கணக்கின் இறுதி வரியில் நிற்பது ஒரு பெண்ணின் உடல். அம்மாளுவுக்கு ‘முடியாது’ என்று சொல்ல இடமே இல்லை. அக்கதையின் குறையும் இங்கேதான் உண்டு: வாசகனை நோக்கி ஆசிரியர் சாட்டையைச் சொடுக்கும் வேகத்தில், அம்மாளு என்ன நினைத்தாள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகின்றது.

ஆரதி ‘முடியாது’ என்கிறாள். எதன்மேல் நின்று சொல்கிறாள்? படித்த குடும்பம், உயர்பதவிகளில் இருக்கும் மாமனாரின் மாணவர்கள், கணவனின் உத்தியோக அனுபவம், இவையெல்லாம் அவள் காலடியிலுள்ள மெல்லிய பலகைகள். அம்மாளுவின் கீழே வெறும் மண். ரே இவ்வேறுபாட்டை அழுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த மறுப்பின் பெறுமதி இதனாற் குறைந்துவிடவில்லை. முதலாவது கடிதம் கணவனின் வற்புறுத்தலினாற் பிறந்தது. அவனது தேவையினாலேயே கைப்பைக்குள் தங்கிவிட்டது. இரண்டாவது முறை அவள் யாரையும் கேட்கவில்லை. சம்பளத்தால் வந்த தன்மதிப்பு, அச்சம்பளத்தையே துறக்கும் அளவுக்கு அவளுள் வளர்ந்துவிட்டது. சுப்ரதாவும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. வேலையிழந்திருந்த காலம் அவனுக்கும் ஏதோ கற்பித்திருக்கிறது. அவன் பாத்திரத்தை வெறும் பொறாமைக்காரனாகப் பார்த்து எழுதியவர்கள் இந்த இடத்தை இன்னொருமுறை பார்க்க வேண்டும்.

படத்தின் கடைசிச் சட்டகத்தில் ஒரு தெருவிளக்கு வருகின்றது. அதிலுள்ள இரண்டு குமிழ்களில் ஒன்றே எரிகின்றது. இதனைக் குறியீடு என்று சிலர் கொள்வர். அது தற்செயலாகவும் இருக்கலாம். மாநகர சபை மற்றக் குமிழை மாற்ற மறந்திருக்கலாம். எப்படியாயினும் அந்த ஒரு குமிழின் வெளிச்சத்தின் கீழேதான் இருவரும் நடந்து போகிறார்கள்.