பாலையும் முடியும்: 'டியூன்' நாவல் வரிசையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

'மரபுக்கும் நவீனத்துக்கும் இடையில் அல்லாடும் பாலைவன முடியரசு' என்ற வாக்கியம் நாவல்களின் பின்னட்டைகளிலும் சினிமா விமர்சனங்களிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் அலுக்காமல் வந்துகொண்டே இருக்கிறது. எங்கோ இருக்கும் கற்பனைக் கிரகத்தைச் சொன்னாலும் இதே வாக்கியம்தான். சவூதி அரேபியாவைச் சொன்னாலும் இதே வாக்கியம்தான். இதன்மீது எனக்குள்ள சந்தேகம் ரொம்பச் சின்னது. அல்லாடுவது யார்? அரியணை அல்லாடுகிறதா, அல்லது அரியணைக்குக் கீழே இருப்பவர்களை அல்லாட விட்டு அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறதா? 'மரபா, நவீனமா' என்கிற இருமை எதிர்வைப் பாலையின் உள்முரண்பாடாக வாசிக்கப் பழகியிருக்கிறோம். அதை ஆட்சிமுறையின் ஒரு உத்தியாக ஏன் வாசிக்கக் கூடாது?

இந்தக் கேள்வியோடு ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' வரிசையைத் திரும்பப் படித்தேன். முதல் நாவல் புத்தகமாக வந்தது 1965இல். ஆறாவதும் கடைசியுமானதை 1985இல் வெளியிட்டுவிட்டு அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். 2021, 2024ஆம் ஆண்டுகளில் வந்த தெனீ வில்நெவ்வின் இரண்டு படங்களுக்குப் பிறகு இந்தப் பெயர் நம் ஊர்த் தியேட்டர் வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் படங்களின் பாலைவனக் காட்சிகளில் பெரும்பகுதி ஜோர்டானின் வாடி ரம்மிலும் அபுதாபியிலும் எடுக்கப்பட்டது. கற்பனை முடியரசின் மணலை நிஜ முடியரசுகள்தான் வாடகைக்குக் கொடுத்திருக்கின்றன என்று இதைச் சொல்லலாம். நாவலில் தாராளமாகப் புழங்கிய 'ஜிஹாத்' என்ற சொல் படத்தில் 'புனிதப் போர்' ஆகிவிட்டது. மணல் வேண்டும், சொல் வேண்டாம்.

2

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அர்ராகிஸ் என்ற வறண்ட கிரகம். பேரண்டம் முழுவதும் பயணம் செய்ய அவசியமான 'ஸ்பைஸ்' என்ற பொருள் அங்கே மட்டும்தான் கிடைக்கிறது. அது பெட்ரோலைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க விமர்சகன் தேவையில்லை. அந்தப் பிரதியில் வருகிற வணிகக் கூட்டமைப்பை ஒபெக்கோடு ஹெர்பர்ட்டே பின்னாளில் இணைத்துப் பேசினார். பூர்வகுடிகளான ஃப்ரெமன்கள், அவர்களிடம் வந்து சேரும் பிரபு குலத்து இளைஞன் பால் அட்ரெய்டிஸ், அவர்களுடைய தீர்க்கதரிசியாகி அவன் பேரரசைப் பிடிப்பது - இதுதான் முதல் நாவல். வெள்ளைக்கார மீட்பனின் கதை, கீழைத்தேயவாதத்தின் இன்னொரு பிரதி என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். அரபுச் சொற்கள் அலங்காரமாக இறைந்துகிடப்பதும் உண்மைதான். ஆனால் அப்படித் தள்ளிவிட்டால் பிரதியில் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்களைத் தவறவிட்டுவிடுவோம்.

ஒன்று, ஃப்ரெமன்களின் மரபு. மீட்பன் வருவான், அவன் தாய் இன்ன மாதிரி இருப்பாள் என்றெல்லாம் அவர்களிடம் தொன்மங்கள் இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தவை? 'பெனி ஜெசரிட்' என்ற பெண் துறவியர் சபை, தன் ஆட்கள் எதிர்காலத்தில் எங்காவது சிக்கிக்கொண்டால் தப்பிக்க உதவட்டும் என்று, கிரகம் கிரகமாகப் போய் விதைத்துவிட்டு வந்தவை. ஆக, ஆதி மரபு என்று எதை அந்த மக்கள் உயிரைக் கொடுத்துக் காக்கிறார்களோ அதில் ஒரு பங்கு பேரரசின் சதுரங்கத்தில் எப்போதோ நகர்த்தப்பட்ட காய்.

இரண்டு, ஃப்ரெமன்களின் நவீனம். பாலையைப் பச்சையாக்க வேண்டும், சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்துப் பல தலைமுறைகளில் மரம் வளர்க்க வேண்டும் என்ற கனவும் அவர்களிடம் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர் பார்டாட் கைன்ஸ், பேரரசு அனுப்பிய கிரகச் சூழலியல் அறிஞர். இதில் ஹெர்பர்ட்டின் சொந்த அனுபவமும் உண்டு. 1957இல் ஆரகன் மாநிலத்தின் ஃப்ளாரன்ஸ் அருகே நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்த அரசு வேளாண் துறை செய்த வேலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போனார். கட்டுரை வெளிவரவில்லை, நாவல் வந்தது. மணலைத் திட்டமிட்டு மாற்றிவிட முடியும் என்ற பொறியாளனின் பார்வை நாவலின் கருவிலேயே இருக்கிறது.

ஆக மரபும் வெளியிலிருந்து வந்தது, நவீனமும் வெளியிலிருந்து வந்தது. இரண்டு வாக்குறுதிகளையும் ஒரே ஆள் கையிலெடுக்கும்போது முடியரசு பிறக்கிறது. பால் ஒரே சமயத்தில் தீர்க்கதரிசியாகவும் இருக்கிறான், தண்ணீர் தருவேன் என்றும் சொல்கிறான். அரியணை இருப்பது இரண்டும் சந்திக்கும் புள்ளியில். அங்கே அல்லாட்டம் ஏதும் கிடையாது. படு ஸ்திரமான உட்காரல்தான்.

அடுத்த நாவலில் (1969) இதன் கணக்கைப் பாலே சொல்லிவிடுகிறான். கொல்லப்பட்டவர்கள் குறைந்தபட்சம் 6,100 கோடிப் பேர். உயிரற்றுப்போன கிரகங்கள் 90. தன்னை ஹிட்லரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். நாயகனை வழிபடாதே என்று எழுதப்பட்ட பிரதி நாயக வழிபாட்டுக்கே பயன்பட்டது வாசிப்பின் அரசியல் பற்றித் தனியே எழுத வேண்டிய விஷயம்.

3

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒரு பொறி தட்டும். தொல்காப்பியம் நானிலத்துக்குத்தான் தெய்வம் சொல்கிறது; பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை வடிவம் கொள்ளும் என்று விளக்குவது சிலப்பதிகாரம். அதாவது பாலை ஒரு இடமல்ல, ஒரு நிலத்துக்கு நேர்ந்த கதி. ஹெர்பர்ட் இதையெல்லாம் அறிந்தவரல்ல. இருந்தாலும் 1976இல் வந்த மூன்றாவது நாவலில் அர்ராகிஸ் பிறவிப் பாலைவனம் அல்ல என்று தெரியவருகிறது. ஒரு காலத்தில் அங்கே நீர் இருந்தது. வேறெங்கிருந்தோ கொண்டுவரப்பட்ட ஒரு உயிரினம் நீரையெல்லாம் சிறைபிடித்து அந்த உலகத்தை மணலாக்கியது. ஆதியும் அந்தமும் இல்லாத புராதனப் பாலை என்று நாம் ரசிக்கும் நிலப்பரப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்பதுதான் விஷயம். வரலாறு உள்ளதை இயற்கை என்று காட்டுவதே அதிகாரத்தின் பழைய வேலை.

எனக்கு முக்கியமாகப் படுவது நான்காவது நாவல், 1981இல் வந்தது. பாலின் மகன் லீட்டோ பாதி மனிதனும் பாதி மணற்புழுவுமாக மாறி 3,500 ஆண்டுகள் ஆள்கிறான். அர்ராகிஸ் பச்சையாகிவிட்டது. ஆறு ஓடுகிறது. மிச்சமிருக்கும் ஒரு துண்டுப் பாலைவனத்தை மன்னனே பராமரிக்கிறான். ஃப்ரெமன்கள்? இருக்கிறார்கள். 'அருங்காட்சியக ஃப்ரெமன்கள்' என்று அவர்களுக்குப் பெயர். பழைய உடை உடுத்தி, பழைய சடங்குகளைப் பொருள் தெரியாமல் செய்துகாட்டிக்கொண்டு, அரசன் தயவில் பிழைக்கிறார்கள். எந்த நவீனத்துக்காக அவர்கள் ரத்தம் சிந்தினார்களோ அந்த நவீனம் வந்ததும் அவர்களுக்குத் தேவையில்லாமல்போயிற்று. எந்த மரபை இழந்தார்களோ அதையே நடித்துக்காட்டுவது உத்தியோகமாயிற்று. இருமை எதிர்வின் இரண்டு முனையும் ஒரே கஜானாவிலிருந்து சம்பளம் வாங்குகின்றன. ஹெர்பர்ட் எழுதியதிலேயே குரூரமான கண்டுபிடிப்பு இது என்பேன்.

4

இது கற்பனை, விடுங்கள் என்று சொல்ல முடியவில்லை. 2017 அக்டோபரில் ரியாத்தில் ஒரு முதலீட்டாளர் மாநாடு நடந்தது. 26,500 சதுர கிலோமீட்டரில் 'நியோம்' என்ற எதிர்கால நகரப் பிரதேசம், 50,000 கோடி டாலர் திட்டம் என்று பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான் அறிவித்தார். அதே மாநாட்டில் சோஃபியா என்ற இயந்திரப் பெண்ணுக்குச் சவூதிக் குடியுரிமை வழங்குவதாகவும் அறிவித்தார்கள். 2021இல் அந்தப் பிரதேசத்துக்குள் 'தி லைன்' வந்தது: 170 கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் உயரம், 200 மீட்டர் அகலம், 90 லட்சம் பேர் குடியிருப்பார்கள் என்றெல்லாம் கணக்கு. 2024இல் முதல்கட்ட இலக்குகள் பெருமளவு சுருக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

அந்த நிலம் காலியாகவா இருந்தது? ஹுவைத்தாத் பழங்குடியினர் அங்கே இருந்தார்கள். வீட்டைக் காலி செய்ய மறுத்துக் காணொளிகள் வெளியிட்ட அப்துல் ரஹீம் அல்-ஹுவைத்தி 2020 ஏப்ரலில் பாதுகாப்புப் படையால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர்தான் முதலில் சுட்டார் என்றது அரசு. கவனியுங்கள், காலி செய்ய மறுத்த 'மரபான' மனிதர் கையில் இருந்தது செல்போன் காமிரா. எதிர்காலம் கட்டுகிறேன் என்ற 'நவீன' அரசின் கையில் இருந்தது துப்பாக்கி. எது மரபு, எது நவீனம்?

இன்னொரு பக்கம், பழைய தலைநகரான திரியாவின் மண் கோட்டைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாகி (2010), பெரும் சுற்றுலாத் திட்டமாக வளர்கின்றன. 2022இல் புதிதாக ஒரு 'நிறுவன நாள்' அறிவிக்கப்பட்டது. அரசின் தொடக்கத்தை, மதச் சீர்திருத்தவாதி இப்னு அப்துல் வஹாபோடு உடன்படிக்கை செய்துகொண்ட 1744இலிருந்து நகர்த்தி 1727இல் வைத்தார்கள். 17 வருடம் பின்னால் தள்ளியதில் ஒரு முழு மதவாத மரபு தொடக்கக் கதையிலிருந்து நழுவிப்போனது. முன்பு தேவைப்பட்ட மரபு இப்போது தேவையில்லை. வேறொரு மரபு தயார். நவீனமும் அப்படித்தான். 2018 ஜூனில் பெண்களுக்குக் கார் ஓட்டும் உரிமை கிடைத்தது. அதற்காக வருடக்கணக்கில் போராடிய லூஜைன் அல்-ஹத்லூல் போன்றவர்கள் அதற்கு முந்தைய மாதம் கைது செய்யப்பட்டார்கள். உரிமை என்பது மேலிருந்து போடப்படும் பிச்சையாக இருக்கலாம், கீழிருந்து கேட்டதற்குக் கிடைத்ததாக மட்டும் இருக்கக் கூடாது.

5

அப்துல் ரஹ்மான் முனீஃபை இங்கே கொண்டுவர வேண்டும். சவூதித் தந்தைக்கு அம்மானில் 1933இல் பிறந்து, எண்ணெய்ப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, அரசியல் காரணமாக 1963இல் சவூதிக் குடியுரிமை பறிக்கப்பட்டவர். எழுத்தாளனிடமிருந்து பிடுங்கிய குடியுரிமையை 54 வருடம் கழித்து ஒரு பொம்மைக்குக் கொடுத்த அரசு அது. 1984முதல் 1989வரை ஐந்து பாகங்களாக வந்த அவருடைய 'உப்பு நகரங்கள்' ஒரு கற்பனைப் பாலை முடியரசின் கதை. எண்ணெய் தேடி அமெரிக்கர்கள் வருகிறார்கள். வாடி அல்-உயூன் என்ற சோலை தரைமட்டமாகிறது. மித்அப் அல்-ஹத்தால் ஒட்டகமேறி மணலுக்குள் மறைகிறான். தொலைநோக்கியைக் கண்டு மயங்குகிற அமீர் மிஞ்சுகிறார். நாவல் சவூதியில் தடைசெய்யப்பட்டது.

1988இல் ஜான் அப்டைக் இதை மதிப்பிட்டபோது, நாங்கள் நாவல் என்று சொல்வதை எழுதுமளவுக்கு இந்த ஆசிரியர் மேற்கத்தியமயமாகவில்லை என்ற பொருள்படக் குறைப்பட்டுக்கொண்டார். மையப் பாத்திரம் இல்லையாம். விமர்சனமும் அதே தராசைத்தான் தூக்குகிறது பாருங்கள்: நீ இன்னும் மரபில் நிற்கிறாய், நவீனத்துக்கு வந்து சேரவில்லை! உண்மையில் முனீஃப் மையத்தைக் காலியாக விட்டதால்தான் ஹெர்பர்ட்டின் ஆறு நாவல்களிலும் எனக்குத் தட்டுப்படாத ஒன்று அங்கே நுழைய முடிந்தது. முதல் பாகத்தின் முடிவில் ஹர்ரானில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அதற்கு நிஜத்தில் வேர் இருக்கிறது. சவூதி எண்ணெய் வயல்களில் 1953இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1956இல் அரசாணை வழியாக வேலைநிறுத்தமே தடைசெய்யப்பட்டது. கூலி, வீடு, மரியாதை கேட்டு நிற்பவனை எந்தப் பெட்டியில் போடுவது? அவன் மரபைக் காக்க வந்தவனும் இல்லை, நவீனத்தை இறக்குமதி செய்தவனும் இல்லை. இருமை எதிர்வு உடைகிற இடம் அவன்தான்.

ஹெர்பர்ட்டின் பிரதியில் ஸ்பைஸ் தோண்டுகிற கூட்டம் இருக்கிறது. ஒரு காட்சியில் புழு வரும்போது ஸ்பைஸ் போனால் போகட்டும் என்று டியூக் அவர்களைக் காப்பாற்றுகிறார். எதற்கு அந்தக் காட்சி? டியூக் எவ்வளவு நல்லவர் என்று காட்டுவதற்கு. தோண்டுகிறவனுக்கு அதற்குமேல் பிரதியில் வேலையில்லை.

நமக்கும் பாலைக்கும் உள்ள உறவு சினிமா வழியாக வந்ததல்ல. எங்கள் பக்கத்தில் நாலு தெருவுக்கு ஒருத்தர் வளைகுடா போய் வந்தவர். அப்படி எட்டு வருடம் ரியாத் பக்கம் ஓட்டுநராக இருந்துவிட்டு வந்த ஒருவரிடம் இந்தப் புதிய நகரங்களைப் பற்றிக் கேட்டேன். "ஊரு நல்லா மாறிப்போச்சு தம்பி, நம்ம பாஸ்போர்ட்டுதான் கடைசி வரைக்கும் மொதலாளி பீரோவுல இருந்துச்சு" என்றார். 2021 மார்ச்சில் வந்த தொழிலாளர் சீர்திருத்தம் பலருக்கு முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறும் வழியைத் திறந்தது. வீட்டு வேலை செய்பவர்கள், வீட்டு ஓட்டுநர்கள், ஆடு மேய்ப்பவர்கள், தோட்டக்காரர்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவருடைய அந்த ஒரு வரியில் மரபு எங்கே, நவீனம் எங்கே? பீரோ மட்டும்தான் இருக்கிறது, சாவி யாரிடம் என்ற கேள்வி மட்டும்தான் இருக்கிறது.

6

இதற்கு ஒரு மறுப்பு வரும். மரபு, நவீனம் என்பதெல்லாம் அரியணையின் தயாரிப்பு என்றால், மக்கள் உண்மையாகவே எதையும் நம்புவதில்லையா? கார் ஓட்டக் கிடைத்த பெண்ணின் சந்தோஷம் பொய்யா? தொழுகைக்குப் போகிற கிழவரின் பக்தி பொய்யா? இல்லை. அவர்களுடைய சந்தோஷமும் பக்தியும் அவர்களுடையவை. நான் சொல்வது, அவற்றை எதிரெதிராக நிறுத்தி, நடுவில் நடுவராக ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிற ஏற்பாட்டைப் பற்றி. கிழவருக்காகப் பெண்ணையும் பெண்ணுக்காகக் கிழவரையும் மாற்றி மாற்றி அடக்க அந்த நாற்காலிக்கு வசதியாகிவிடுகிறது. வில்நெவ்வின் இரண்டாம் படம் ஃப்ரெமன்களையே நம்பிக்கை மிகுந்த தெற்கு, சந்தேகிக்கிற வடக்கு என்று பிரித்துவிட்டது. படம் முடியும்போது இரண்டு தரப்பும் ஒரே ஆளின் படையாகக் கப்பலேறுகிறது. சந்தேகித்த சானி மட்டும் தனியே மணலில் புழுவுக்காகக் காத்து நிற்கிறாள்.

அடுத்த முறை இப்படி ஒரு கற்பனை ராஜ்ஜியம் கையில் வரும்போது மரபு ஜெயித்ததா நவீனம் ஜெயித்ததா என்று தேடவேண்டாம் என்பேன். அந்த ராஜ்ஜியத்தில் தண்ணீர் சுமப்பது யார், அவருக்கு அந்தப் பிரதியில் பெயர் இருக்கிறதா, திரும்பிப் போக நினைத்தால் போக முடியுமா - இதை முதலில் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.