முள் ஊருக்கு ஒரு சிறு பை

திண்டுக்கல் சமவெளியில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்குச் சீமைக்கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்னாளபட்டிப் பக்கத்து மண்பாதையோ, வத்தலக்குண்டு சாலையோரமோ, எங்கே ஒதுங்கினாலும் காய்ந்த முள் கிடக்கும். அதனால்தான் சீட்டுக்கு அடியில் தொங்கும் பஞ்சர் பை எனக்குப் பிடித்துப்போனது. உப்புத்தாள் துண்டு, சொல்யூஷன், பழைய டியூபில் வட்டமாக வெட்டிய ஒட்டுகள், டயர் கழற்ற இரண்டு நெம்பிகள், வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய். அவ்வளவும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழிகள் வரிசைகட்டி இடத்தைக் காட்டும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் கன்னத்தருகே பிடித்தால் போதும், 'ஸ்ஸ்' என்று மெல்லிய காற்று தோலில் படும். ஈரம் துடைத்து, ரப்பரின் மினுமினுப்பு மங்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைச் சன்னமாகப் பூசிவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. அதிரசத்துக்குப் பாகு பார்ப்பதுபோல, பளபளப்பு அடங்கி விரலில் லேசாக ஒட்டும் பதம் வரவேண்டும். அவசரக்காரர் போட்ட ஒட்டு அடுத்த ஊர்வரை தாங்காது. பிறகு டயரின் உட்புறத்தை விரலால் பதமாகத் தடவி, ஒளிந்திருக்கும் முள்நுனியை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் புது ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி குத்தும். பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சொல்யூஷன் மூடியை இறுகத் திருகி வையுங்கள். இல்லாவிட்டால் ஒருமுறை திறந்தது, அடுத்த முள் வருவதற்குள் காய்ந்துவிடும்.