ஆறாத வெல்டில் மீயொலிச் சோதனை

ஆர்க் வெல்டிங்கில் போட்ட இணைப்பை ஆறிய பிறகு மீயொலியால் சோதிப்பது நெடுநாள் வழக்கம். வெல்டிங் நடக்கும்போதே, அல்லது ஒரு பாஸுக்கும் (உலோகத்தை ஒரு முறை ஓட்டிப் போடும் சுற்று) அடுத்த பாஸுக்கும் இடையில், சோதிப்பது பிற்பாடு வந்த முயற்சி. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை எஃகுக்குள் சாய்வாகச் செலுத்தப்படுகிறது. விரிசலோ உருகி ஒட்டாத பகுதியோ குறுக்கிட்டால் எதிரொலி திரும்பி வருகிறது.

தடிமனான இணைப்புகளில்தான் இடையிடையே சோதிப்பதன் உண்மையான பயன் தெரியும். 50 மி.மீ. தகட்டின் இடைவெளியை நிரப்ப இருபதுக்கும் மேற்பட்ட பாஸ்கள் தேவைப்படலாம். அடியில் போடும் முதல் பாஸான ரூட் பாஸில் உள்ள குறை கடைசியில் தெரியவந்தால், மேலே போட்ட உலோகம் முழுவதையும் கௌஜிங் செய்து தோண்டி, மீண்டும் சூடேற்றி நிரப்ப வேண்டும். அப்போதைக்கப்போது தெரிந்தால் கிரைண்டரால் ஒரு பீடை (ஒரு பாஸில் படிந்த உலோக வரியை) நீக்கினாலே வேலை முடிந்தது. ஒரே பாஸில் முடியும் மெல்லிய தகடுகளுக்கு இந்த ஆதாயம் மிகக் குறைவு. அங்கே இதைப் பரிந்துரைப்பது மிகை.

உருகிய உலோகக் குட்டையின் ஆழத்தை அளப்பது இன்னொரு பயன்பாடு. குறுக்கலை திரவத்துக்குள் பரவாது. ஆகவே குட்டையின் விளிம்பே அதைத் திருப்பி அனுப்புகிறது. கோட்பாடு அழகானது. ஆனால் சில மி.மீ. அகலமுள்ள, ஓயாமல் நகர்கிற குட்டையைச் சென்சாரும் விலகாமல் தொடர்ந்தாக வேண்டும்.

இம்முறையின் முதல் எதிரி வெப்பம். வழக்கமான சென்சார்களின் பீசோ பீங்கான் சில நூறு டிகிரியிலேயே தன் பண்பை இழந்துவிடும். சென்சாருக்கும் உலோகத்துக்கும் இடையில் தடவும் நீர் கொதித்துப் போகும். வெப்பம் தாங்கும் உருளைச் சென்சார்கள் ஓரளவு உதவுகின்றன. தொடாமலே இயங்கும் மின்காந்தச் சென்சாருக்கு அந்த நீர் தேவையில்லை. ஆனால் அதன் சமிக்ஞை மெலிந்தது, ஆர்க்கின் மின்னிரைச்சலில் எளிதில் அமுங்கிவிடும். லேசர் முறை தொலைவிலிருந்தே வேலை செய்யும். விலையும் கண் பாதுகாப்பு ஏற்பாடுகளும் சிறு பட்டறைகளுக்குக் கட்டுப்படியாகாது.

சென்சார் தாங்கினாலும் அளவு பிசகும். அறை வெப்பநிலையில் எஃகில் குறுக்கலையின் வேகம் நொடிக்குச் சுமார் 3,200 மீட்டர். சூடேற ஏற அது குறைகிறது. 60 மி.மீ. பாதையில் 4 விழுக்காடு பிசகினால் குறையின் இடம் 2.4 மி.மீ. தள்ளித் தெரியும். ஒரு பீடின் உயரமே பெரும்பாலும் 3 மி.மீ. அளவுதான் என்பதால், கிரைண்டர் தவறான பாஸைத் தேய்க்கக்கூடும். வெப்பமும் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அலை வளைந்தும் போகிறது. வெப்பநிலையை அளந்து திருத்தம் செய்யாத கருவியின் திரையில் தெரியும் படத்தை அப்படியே நம்பக் கூடாது.

ஆஸ்டனிட்டிக் துருப்பிடிக்கா எஃகில் நீண்ட பெரிய படிகங்கள் அலையைச் சிதறடிப்பதால் சிக்கல் கூடுகிறது. அது ஆறிய வெல்டுக்கும் பொருந்தும். ஆறாத வெல்டுக்கே உரிய குறை வேறு: ஹைட்ரஜன் விரிசல் வெல்டிங் முடிந்து பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். அதனால் இவ்வகை விரிசலுக்கு இலக்காகும் எஃகுகளில், பாஸ்தோறும் சோதித்திருந்தாலும், 48 மணி நேரம் பொறுத்துச் செய்யும் இறுதிச் சோதனையைக் கைவிட முடியாது.