யார் வீட்டு எஸ்?

பிரெஞ்சு வினைச்சொற்களில் எனக்குப் பிடித்த குடும்பம் 'எக்ரீர்' குடும்பம். எக்ரீர் என்றால் எழுதுவது. இதைவிடப் பெரிய, கௌரவமான குடும்பங்கள் உண்டு. எடுப்பதைக் குறிக்கும் 'ப்ராந்த்ர்' முன்னால் 'கோம்' சேர்ந்தால் புரிந்துகொள்வது, 'சூர்' சேர்ந்தால் திகைக்க வைப்பது. அசை பிரித்தால் முன்னொட்டு ஒரு பக்கமும் வேர் மறுபக்கமுமாகச் சுத்தமாக விழும். ஒழுங்குதான், ஆனால் அதில் ரசிக்க அதிகமில்லை. எக்ரீர் வீட்டிலோ ஓயாத பாகத் தகராறு. 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து முன்னொட்டுக்கா, வேருக்கா என்பதுதான் வழக்கு.

மூலச்சொல் லத்தீனின் 'ஸ்க்ரீபெரே'. தொடக்கத்தில் மூன்று மெய்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. பிற்கால லத்தீனைப் பேசியவர்களின் நாக்கு இதற்கு மசியவில்லை. முன்னால் ஓர் உயிரொலியை வைத்துக்கொண்டது. நம் ஊர்ப் பாட்டிகள் பள்ளிக்கூடத்தை 'இஸ்கூலு' ஆக்கியதும் இதே காரணத்தால்தான். அந்தப் பள்ளிக்கூடம் கூட பிரெஞ்சில் அப்படித்தான் வந்தது: 'ஸ்கோலா' 'எஸ்கோல்' ஆகி, இன்று 'எகோல்'. விண்மீனான 'ஸ்தெல்லா' இன்று 'எத்துவால்'.

உயிர் வந்ததும் எஸ் அதன்மேல் சாய்ந்துகொண்டது. எஸ்-க்ரீர் என்று அசை பிரிந்தது. சாய்ந்தது மெல்லக் கரைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் பேச்சில் அது இல்லை. ஏட்டில் மட்டும் உட்கார்ந்திருந்தது. பிரெஞ்சு அகாதெமியின் 1694 அகராதியில்கூட எக்ரீர் எஸ்ஸோடுதான் அச்சாகியிருக்கிறது. அபே தொலிவே முன்னின்று திருத்திய 1740ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்புதான் இப்படிப்பட்ட ஊமை எஸ்களை ஆயிரக்கணக்கான சொற்களிலிருந்து களைந்தது. எக்ரீரின் முதல் எழுத்துக்கு மேல் வலப்பக்கம் உயரும் சாய்கோடு அந்த எஸ்ஸுக்குப் பதிலாக வந்தது.

இதோடு முடிந்திருந்தால் இது எஸ் செத்த கதை, அவ்வளவுதான். ஆனால் படித்தவர்கள் லத்தீன் ஏடுகளைப் பார்த்து அதே வேரிலிருந்து வேறு சொற்களைக் கொண்டுவந்தார்கள். பதிவு செய்வது 'ஏன்ஸ்க்ரீர்', படியெடுப்பது 'த்ரான்ஸ்க்ரீர்', மருந்து எழுதிக் கொடுப்பது 'ப்ரெஸ்க்ரீர்', எல்லை வகுப்பது 'சிர்கோன்ஸ்க்ரீர்'. இவற்றில் எஸ் உயிரோடு ஒலிக்கிறது. விவரிப்பதற்கான 'தெக்ரீர்' எஸ்ஸைத் தொலைத்தது. அதன் பெயர்ச்சொல் 'தெஸ்க்ரிப்சியோன்' வைத்திருக்கிறது. ஒரே வீட்டில் ஒருவர் பேச்சு வழக்கு, ஒருவர் ஏட்டு வழக்கு.

இனி கத்தி வைத்துப் பார்க்கலாம். பதிவு செய்வதைப் பொருள்படி வெட்டினால் ஏன் + ஸ்க்ரீர். ஆங்கில அகராதிகள் தம்முடைய சொல்லை அப்படித்தான் வெட்டும். முன்னொட்டு முடிந்த இடத்தில் கோடு. பிரெஞ்சுக் காது அதை ஏற்காது. ஏன்ஸ்-க்ரீர் என்று வேரின் முதல் எழுத்தைப் பிடுங்கி முன்னொட்டுக்குக் கொடுத்துவிடும். ஸ்பானியமும் அப்படியே. சொல்லின் தலையில் நிற்க முடியாதது அசையின் தலையிலும் நிற்காது என்பது இவ்விரு மொழிகளின் பழைய வழக்கம். தன் 'ஸ்க்ரீவெரே'யை முன்னால் எதுவும் ஒட்டாமல் அப்படியே காப்பாற்றிய இத்தாலிய மொழியோ எஸ்ஸை வேரோடு சேர்த்தே பிரிக்கிறது. இலக்கணிகள் இதற்குப் பெரிய சட்டம் எழுத வேண்டியதில்லை. மூன்று மொழிகளின் வாயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

எழுத்துமுறைக்கும் இந்தத் தீர்ப்பு தெரியும் என்பதுதான் எனக்குப் பேரின்பம். 'முன்' என்று பொருள்தரும் 'ப்ரே' பிரெஞ்சில் வழக்கமாகச் சாய்கோட்டோடு வரும்; முன்கூட்டிச் சொல்லும் 'ப்ரெதீர்' அப்படித்தான். மருந்து எழுதும் ப்ரெஸ்க்ரீரிலோ கோடு காணாமல் போகிறது. ஏனென்றால் அங்கே எஸ் வந்து அசையை அடைத்துவிட்டது. அடைத்த அசைக்கு அந்தக் கோடு ஆகாது. கையொப்பமிட்டுச் சேரும் 'சூஸ்க்ரீர்' இன்னும் குறும்பு. கண்ணுக்கு அங்கே 'கீழே' என்ற 'சூ' தெரிகிறது. தனியே நிற்கையில் சூவின் கடைசி எஸ் ஊமை. இங்கே பேசுகிறது. யார் வீட்டு எஸ்? கண் ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது.

கைப்பிரதியான 'மனுஸ்க்ரி'யில் கையைக் குறிக்கும் 'மனு'வும் இந்த எஸ்ஸை அள்ளிக்கொள்கிறது. மா-நுஸ்-க்ரி. கை எழுத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டது என்று சொல்லலாம். (இதை ரசிக்காதவர்களோடு நான் விவாதிப்பதில்லை.)

மூத்தவளான எக்ரீர் மட்டும் வெட்டுக்கு அகப்படுவதில்லை. பேச்சில் அவளுக்கு இரண்டு அசை. மார்செய், துலூஸ் பக்கம் கடைசி ஊமை உயிரையும் சொல்வார்கள், மூன்றாகிவிடும். பழைய செய்யுளிலும் அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் மூன்று, உயிரில் தொடங்கினால் இரண்டு. பன்னிரண்டு அசை வரியைக் கட்டும் கவிஞனுக்கு இது சில்லறை மாற்றிக்கொள்ளும் வசதி. அச்சுக் கோப்பவருக்கோ வசதியே இல்லை. வரியோரத்தில் ஒற்றை எழுத்தை விடக்கூடாது, அதனால் முன்னால் வெட்ட முடியாது. இரண்டெழுத்து ஊமை அசையை அடுத்த வரிக்குத் தள்ளக்கூடாது, அதனால் பின்னாலும் முடியாது. முழுசாகத்தான் தூக்கிப் போக வேண்டும்.

அவளிடம் இன்னொரு நுட்பம். 'அவன் எழுதுகிறான்' என்பது 'இல் எக்ரி'. பலர் எழுதினால் 'இல்ஸ் எக்ரீவ்'. லத்தீன் வேரின் பழைய 'ப' ஒருமையில் தூங்கிக்கிடக்கிறது. பன்மையில் 'வ' ஆகி எழுந்துவிடுகிறது. எழுத்தாளரான 'எக்ரிவேனின்' நடுவில் நிற்பதும் அதே வ.

இத்தனைக்கும் உச்சம் என்று நான் நினைப்பது எந்தக் காவியத்திலும் இல்லை; பிரெஞ்சு விளம்பர மின்னஞ்சல்களின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. பட்டியலிலிருந்து பெயரை நீக்கிக்கொள்வதற்கான 'தெஸேன்ஸ்க்ரீர்'. பொருள்படி தெஸ் + ஏன் + ஸ்க்ரீர். வாயில் தெ-ஸேன்ஸ்-க்ரீர். இரண்டு தையல்களிலும் எஸ் இடம் மாறியிருக்கிறது: முன்னொட்டின் எஸ் வலப்பக்கம் தாவி, உயிரைக் கண்டதும் இசட்டாக அதிர்கிறது; வேரின் எஸ் இடப்பக்கம் தாவி எஸ்ஸாகவே நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட குட்டி 'ஏன்' இருபுறமும் அடுத்த வீட்டுச் சொத்தோடு நிற்கிறது. அந்தச் சொல்லை அழுத்துகிற யாரும் அசை பிரித்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் பட்டியலைவிட்டு வெளியேறுவார்கள்.