மிச்சத்தை முழுசாக்கும் ஆப்

பின்னங்களைப் படம் போட்டுக் கழிக்கச் சொல்லித்தரும் ஆப் ஒன்று, ஒரு மாதத்துக்கு மேலாக எங்கள் வீட்டு டேப்லெட்டில் குடியிருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பு. ஆப்பின் பெயர் வேண்டாம். வண்ணம், இசை, நட்சத்திரம், கைதட்டும் யானைக்குட்டி எல்லாம் வழக்கம்போல் உண்டு. எத்தனை பாடம், சந்தா எவ்வளவு என்பதெல்லாம் பதிவிறக்கும் இடத்திலேயே போட்டிருக்கிறார்கள். எனக்குத் தகராறு ஒரே ஒரு அசைவோடுதான்.

அதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டுவது அருமை. 3/4 − 2/3 என்று கணக்கு வந்தால், ஒரு செவ்வகத்தை விரலால் நெடுக்காக இழுத்து நான்கு பத்தியாக வெட்டி, மூன்றுக்கு நிறம் அடிக்கிறாள். பிறகு குறுக்கே இரண்டு கோடு, மூன்று வரிசை. மொத்தம் 12 கட்டம், நிறம் அடித்தவை 9. மூன்று வரிசையில் இரண்டு என்பது 8 கட்டம். வேற்றினப் பின்னங்களை ஓரினமாக்கப் பலகையில் நடக்கும் சடங்கெல்லாம் இங்கே சில விரல் இழுப்பில் முடிந்துவிடுகிறது. 12 எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 5/6 − 1/4 போட்டால் இந்த வெட்டு 24 கட்டம் தரும், மீ.பொ.ம. 12 போதுமே என்று கணக்கு வாத்தியார்கள் முணுமுணுக்கலாம். 14/24 வந்தால் 7/12 என்று சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான், குடி முழுகிவிடாது.

இனி அந்த அசைவு. கழிக்க வேண்டிய 8 கட்டங்களைத் தட்டினால் அவை வெடித்து மறைகின்றன. சரி. கூடவே நிறம் அடிக்காத 3 கட்டங்களும் செவ்வகத்தின் வெளிக்கோடும் காணாமல் போகின்றன. மிஞ்சிய ஒற்றைக் கட்டம் மெல்ல வளர்ந்து வளர்ந்து திரையை அடைத்துக்கொள்கிறது. விடை என்ன என்று யானை கேட்கிறது.

பிள்ளை என்ன எழுதும்? 1 என்றுதான் எழுதும்.

பின்னக் கழித்தலில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்பு, மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கழிப்பது. 3 − 2 = 1, 4 − 3 = 1; ஆக 1/1. முக்காலில் இருந்து எடுத்த பிறகு முழுசு மிஞ்சுகிறது! இந்த அபத்தத்தைப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கத்தான் படமே வேண்டியிருக்கிறது. இந்த ஆப்போ தப்பு விடைக்குச் சாட்சி சொல்ல வருகிறது.

வட்டமாக இருந்திருந்தால் இவ்வளவு மோசம் இல்லை. இதை நான் சொல்ல நேர்ந்ததே கொடுமை, ஏனென்றால் பீட்சாப் படங்களுக்கு நான் பரம எதிரி. 2/5 பெரிதா 3/8 பெரிதா என்று வட்டத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். ஏழு சம பங்காகக் கையால் வெட்டுவது அதைவிடக் கடினம். ஆனாலும் வட்டத்தின் 1/12 துண்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் முனை 30 பாகைதான். முழுசாக வேஷம் போட முடியாது. செவ்வகத்தை வெட்டினால் வருவதும் செவ்வகம். துண்டு தனியாக நின்றால் முழுசின் ஜாடை வந்துவிடுகிறது.

இதைச் சரியாகச் செய்யப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். பெல்ஜியத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் குய்சனேர் 1952இல் புத்தகம் போட்டு அறிமுகப்படுத்திய வண்ணக் கட்டைகளே போதும். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளம். ஆரஞ்சும் சிவப்பும் சேர்ந்து 12 செ.மீ.; அதுதான் முழுசு. அதன் கீழே நீலம், 9. அதன் கீழே பழுப்பு, 8. பழுப்பு முடிந்து நீலம் முடியாத இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டை கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. எதுவும் வெடிக்கவில்லை, முழுசும் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. சார்ஜும் போட வேண்டாம்.

ஆப் செய்தவர்களுக்கு இது தெரியாமலும் இல்லை. மூன்றே காலில் ஒன்றே முக்காலைக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு முழுசைத் தட்டியதும் அது நான்கு காலாக உடைகிறது. கழித்தபின் ஒரு முழுசும் இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றரை என்று கண்ணே சொல்லிவிடுகிறது. முழுசு ஒன்று தப்பிப் பிழைத்ததால் வந்த தெளிவு அது. தகு பின்னங்களுக்கும் அந்த வெளிக்கோட்டை மட்டும் விட்டுவைத்தால் என்ன என்று எழுதிக் கேட்டேன். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது.

அடுத்த சந்தா கட்டுவதாக இல்லை. பாலிபேட் என்ற கணிதக் கருவி பிரவுசரிலேயே இலவசமாகத் திறக்கிறது; பின்னப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி மிச்சத்தை அளக்கலாம். இந்த மாதம் முடியும் வரை மட்டும் வெட்டுகிற சுகத்துக்காக ஆப்பை வைத்திருக்கிறோம். கடைசித் தட்டுக்கு முன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டில் விடை எழுத வேண்டும் என்பது இப்போதைக்கு வீட்டுச் சட்டம்.