சீறாவில் மருதம்

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், விலாதத்துக் காண்டத்தின் நாட்டுப்படலம் அரபு நாட்டை மழை பொழிந்து, ஆறு பெருகி, நெல் விளையும் நாடாகப் பாடுகிறது. பாலை நிலத்தில் மருதம் ஏது என்று குறை காண்போர் உண்டு.

நாம் அக்குறையை ஏற்பதற்கில்லை. காப்பிய மரபு அதுவே என்பது மட்டும் காரணமன்று. உழவை வாழ்வாகக் கொண்ட தமிழருக்கு வயலின் செழிப்பே அன்பின் மொழி. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறந்த பூமிக்குப் புலவர் தம் மண்ணின் அழகனைத்தையும் அணிவித்தார். கப்பலேற வசதியற்ற எளியோரும் 5,027 விருத்தங்கள் கொண்ட அக்காப்பியத்தைச் செவிமடுத்து, மக்காவைத் தம் ஊர்போல் நேசிக்க முடிந்தது.

எனினும் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலாது. இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் தம் சந்ததியினரைக் குடியமர்த்தியது விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் என்பதைத் திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. அவர்கள் அங்கே குடியேறியது தொழுகையை நிலைநாட்டவேயன்றி அறுவடைக்காக அன்று. அந்த வறட்சியில்தான் அம்மண்ணின் மாண்பு விளங்குகிறது. புலவரின் வயல்கள் அதனை மறைத்துவிடுகின்றன.

ஆதலின், நம் இல்லங்களில் சீறாவை ஓதும்போது, அந்த வெறும் பள்ளத்தாக்கையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.