மணி பிடிப்பதும் உப்பு விளைவதும்

செங்கல்பட்டு ஏரிப்பாசன வயலில் கதிர் முதலில் பால் பிடிக்கும், பிறகு மணி பிடிக்கும். செய்யூர்ப் பக்கத்து உப்பளப் பாத்தியில் உப்பும் 'விளையுது' என்கிறோம். நெல்லுக்கும் உப்புக்கும் ஒரே வினை. ஆனால் நெல் கேட்கிற மழை பெய்தால் உப்பு கரைஞ்சு போயிடும்!

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவலுக்கு ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' என்று பெயர் வைத்தார். வயலின் அழகை உப்புக்கு இரவல் தந்த தலைப்பு என்று சொல்லிவிடலாம்தான். எனக்கு அப்படிப் படவில்லை. 'விளைதல்' தன்வினை, தானாக நடப்பதுபோல் ஒலிக்கும். உப்பு வாருகிற கையும் உப்புநீரில் வெடித்த பாதமும் அதில் தெரியாது. 'கரிப்பு' அவற்றைத் திரும்பக் கொண்டுவருகிறது. வெறும் 'உப்பு மணிகள்' என்றிருந்தால் வியாபாரி தராசில் பார்க்கிற மணியாகவே நின்றிருக்கும்.